பழைய வீட்டுக் கணக்கும் புதிய கம்ப்யூட்டரும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், நம்மில் பலர் கம்ப்யூட்டரை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் போடுவதற்கு முன், அதில் மைக்ரோசாஃப்ட் மணியில் எழுதிய வீட்டுக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மணியின் விற்பனை 2009-லேயே நின்றுவிட்டது. அதன் பிறகு 'மணி பிளஸ் சன்செட்' என்ற கடைசிப் பதிப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். இனி அதற்குப் புதுப் பதிப்பு வராது.

"பழைய கணக்கு இனி எதற்கு சார்?" என்று கேட்பீர்கள். வருமான வரிக்கு வேண்டும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை விற்றால், பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டலுடன் 20 சதவீதம் என இரண்டையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அந்த வரியைக் கட்டலாம். அதற்கு வாங்கிய விலை, பின்னால் கட்டிச் சேர்த்த செலவு, அவை நடந்த ஆண்டு எல்லாம் தெரிய வேண்டும். கணக்கில் உள்ள பதிவு மட்டும் ஆதாரமாகாது, பில்லும் வேண்டும். ஆனால் எந்த வருஷத்து ஃபைலில் பில்லைத் தேடுவது என்று அந்தப் பதிவுதான் சொல்லும்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில், மணி கோப்பை இரண்டு பென் டிரைவில் நகல் எடுங்கள். புதிய பதிப்பில் திறந்து மாற்றிய கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. ஆகவே அசலைத் தொடாதீர்கள். கடவுச்சொல் போட்டிருந்தால் அதையும் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, இருப்புப் பட்டியல். வங்கியில் லெட்ஜரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியபோது, இருப்புகளை எடுத்து டேலி செய்யாமல் ஒரு கணக்கையும் மாற்ற மாட்டோம். நீங்களும் ஒவ்வொரு கணக்கின் இன்றைய இருப்பையும், ஒவ்வொரு மார்ச் 31-ன் இருப்பையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஏற்றுமதி. மணியில் ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாக க்யூ.ஐ.எஃப். கோப்பாக எடுக்க வேண்டும். 'லூஸ்', 'ஸ்டிரிக்ட்' என்று இரண்டு வகை கேட்கும். வேறு மென்பொருளுக்குப் போவதானால் 'ஸ்டிரிக்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காவது, இறக்குமதி. க்னூகேஷ் என்ற மென்பொருள் இலவசம். இரட்டைப் பதிவு முறையில் இயங்குவது. க்யூ.ஐ.எஃப். கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றி முடிக்காமல், எல்லாவற்றையும் ஒரே இறக்குமதியில் சேர்த்துக் கொடுங்கள். சேமிப்புக் கணக்கிலிருந்து பி.பி.எஃப்.-க்கு மாற்றிய ரூ. 10,000 இரண்டு கோப்பிலும் இருக்கும். சேர்த்துக் கொடுத்தால்தான் இரண்டும் ஒன்றே என்று அது பொருத்திப் பார்க்கும். தேதி வரிசையைக் கேட்டால் கவனம்: 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க முறையில் மார்ச் 4. நிதியாண்டே மாறிப்போகும்.

ஐந்தாவது, அச்செடுத்த பட்டியலுடன் ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால், அதே தொகைக்கு ஒரு பணமாற்றம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், இருமுறை ஏறியிருக்கலாம். மார்ச் 31 இருப்புகளை வரிசையாகப் பார்த்தால், பிழை எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பிடித்துவிடலாம். மியூச்சுவல் ஃபண்டு யூனிட்களை ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையுடன் சரிபாருங்கள். எல்லாம் ஒத்துப்போகும் வரை புதிதாக ஒரு பதிவும் போட வேண்டாம். பழைய கம்ப்யூட்டரையும் கொடுக்க வேண்டாம். டேலி ஆன பிறகு, அதிலுள்ள தகவலை முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. முழுக் கணக்கையும் பி.டி.எஃப். ஆகவும் எடுத்து வையுங்கள். எந்த மென்பொருள் போனாலும் அதைப் படிக்கலாம். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்று வீட்டில் இன்னொருவருக்குக் காட்டிக் கொடுங்கள். நமக்கு மட்டுமே திறக்கத் தெரிந்த கணக்கு, நாம் இல்லாத நாளில் குடும்பத்துக்கு உதவாது.