பெங்காசிக்கு ஒரு நியாயம், மனாமாவுக்கு ஒரு நியாயம்



அரபு நாட்டுக் கிளர்ச்சிக்கும் நம் குடவாசலுக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்கிறது. கூத்தாநல்லூர், பொதக்குடி, அதிராம்பட்டினம் பக்கம் போய்க் கேட்டால் தெரியும், எத்தனை வீடுகளில் வளைகுடாச் சம்பளத்தில் அடுப்பெரிகிறது என்று. 2011 பிப்ரவரியில் லிபியா பற்றி எரிந்தபோது அங்கே ஏறத்தாழ 18,000 இந்தியர்கள் இருந்தார்கள். டெல்லி விமானங்களையும் ‘ஸ்கோடியா பிரின்ஸ்’ என்ற கப்பலையும் அனுப்பி, 15,000-க்கும் மேற்பட்டவர்களை மீட்டது. அதற்குப் பாராட்டு உண்டு. கணக்கு அதோடு முடியவில்லை.

அடுத்த மாதம், மார்ச்சில், ஐந்தே நாட்களில் நடந்ததைப் பாருங்கள். 14-ஆம் தேதி சவுதி அரேபியாவின் படை கடற்பாலத்தைத் தாண்டிப் பஹ்ரைனுக்குள் நுழைந்தது. தலைநகர் மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் கூடாரமடித்து ஆட்சிச் சீர்திருத்தம் கேட்டுக்கொண்டிருந்த மக்களை 16-ஆம் தேதி அடித்து விரட்டினார்கள். மறுநாள் நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்பு சபை கூடி, லிபிய மக்களைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்கலாம் என்று 1973-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. 18-ஆம் தேதி, சதுக்கத்தில் நின்ற முத்துச் சின்னத்தையே பஹ்ரைன் அரசு இடித்துத் தள்ளியது. சரிந்த சிமென்ட் வளைவுக்கு அடியில் நசுங்கிச் செத்தவர் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி. பிழைக்கப் போன மனுஷன்!

லிபியாவின் பெங்காசிக்குப் போர் விமானம் பறந்தது. மனாமாவுக்கு? அங்கே அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படைப் பிரிவின் தளம் இருக்கிறது. அதனால் அங்கே ஜனநாயகம் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டுமாம். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற கருவி பண்ணையாருக்கு 17, குத்தகைக்காரனுக்கு 22 என்று ஆள் பார்த்து எண் காட்டினால் நீங்கள் சும்மா விட்டுவிடுவீர்களா? மூட்டையை வாசலில் போட்டு மறியல் செய்ய மாட்டீர்களா?

எகிப்தைப் பாருங்கள். முபாரக் ஆட்சிக்கு அமெரிக்கா வருஷத்துக்கு 130 கோடி டாலர் ராணுவ உதவி கொடுத்தது. அறுபது ஆண்டுகளாக ஜனநாயகத்தைப் பலிகொடுத்து ஸ்திரத்தன்மையைத் தேடினோம் என்று 2005-இல் கெய்ரோவிலேயே நின்று ஒப்புக்கொண்டவர் அமெரிக்காவின் அப்போதைய வெளியுறவுச் செயலாளர் காண்டலீசா ரைஸ். ஒப்புக்கொண்ட பிறகும் பணம் நிற்கவில்லை. 2011-இல் தஹ்ரீர் சதுக்கத்தில் முபாரக்குக்கு எதிராகத் திரண்ட மக்கள் பொறுக்கியெடுத்த கண்ணீர்ப்புகைக் குப்பிகளில் அமெரிக்கத் தயாரிப்பு என்று அச்சிட்டிருந்தது.

லிபியாவில் வந்த விளைச்சல் என்ன? அந்நாட்டை ஆண்ட கடாஃபி 2011 அக்டோபரில் கொல்லப்பட்டார். நாடு இரண்டு அரசாங்கமாகப் பிளந்தது. மக்களைக் காக்கப் போகிறோம் என்று தொடங்கியது ஆட்சிக் கவிழ்ப்பில் போய் முடிந்தது என்று 2016-இல் அறிக்கை எழுதியது யார் தெரியுமா? பிரிட்டன் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழுவே!

அந்த 1973-ஆம் தீர்மானத்தில் பிரேசில், ஜெர்மனி, ரஷ்யா, சீனாவோடு சேர்ந்து இந்தியாவும் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. நம்பத்தகுந்த தகவல் கையில் இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது என்றது. அது சரியான முடிவு. இந்த மேடை அதைத் தயங்காமல் சொல்லும்.

ஆனால் டெல்லியின் கையும் சுத்தமில்லை. முபாரக்குக்கு நேரு பெயரில் விருது கொடுத்த டெல்லி இது. 2005-இல் ஐ.நா. ஜனநாயக நிதிக்கு ஒரு கோடி டாலர் எடுத்து வைத்தது. பஹ்ரைனைக் கண்டிக்க வாய் வரவில்லை. அங்கே நம் தொழிலாளர்கள் இருக்கிறார்களே, அதனால்தான் மௌனம் என்பார்கள். அப்படியானால் அதே தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்ளும்போதாவது குரல் உரத்துக் கேட்க வேண்டாமா?

இனி ஜெனீவாவுக்கு வாருங்கள். அது நம் வீட்டுத் துக்கம். இலங்கைப் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, 2009 மே 27-இல் அங்கே ஐ.நா. மனித உரிமைகள் சபையில் கொழும்பைப் பாராட்டும் தீர்மானத்துக்கு 29 நாடுகள் கை தூக்கின. எகிப்து, சவுதி, பஹ்ரைன், கத்தார், அவர்களோடு இந்தியாவும்! மூன்று வருஷம் கழித்து, 2012 மார்ச் 22-இல், இலங்கை தன் சொந்த ஆணைக்குழுவின் பரிந்துரைகளையாவது நிறைவேற்றட்டும் என்ற சாதுவான தீர்மானம் வந்தது. அதை எதிர்த்த 15 நாடுகளில் சவுதியும் குவைத்தும் கத்தாரும் இருந்தன. எந்தக் கத்தார்? முந்தின வருஷம் பெங்காசி மக்களைக் காக்கிறோம் என்று மிராஜ் விமானங்களை அனுப்பிய அதே கத்தார். புதிய லிபியாவோ அந்தத் தீர்மானத்தை ஆதரித்தது.

அன்று இந்தியாவும் ஆதரித்தது. 2009-க்கும் 2012-க்கும் இடையில் டெல்லிக்கு ஞானம் பிறந்துவிட்டதா? இல்லை ஐயா. தமிழ்நாட்டில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் எல்லோரும் உரத்துக் கேட்டார்கள். வெளியுறவுக் கொள்கை டெல்லி அமைச்சகத்தின் பூட்டிய அறைக்குள் மட்டும் எழுதப்படுவதில்லை என்பதை அன்று தமிழ்நாடே காட்டியது.

நாகப்பட்டினம் தொகுதிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் நீங்கள். உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது சாலை, வாய்க்கால், பயிர்க் காப்பீடு எல்லாம் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: ஐ.நா.வில் இந்தியா போடுகிற ஒவ்வொரு முக்கியமான ஓட்டுக்கும் காரணத்தை நாடாளுமன்றத்தில் எழுத்தில் வைக்கச் சொல்லி நீங்கள் கேள்வி எழுப்புவீர்களா, மாட்டீர்களா?