வேரும் விளைவும்
(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சங்கத்தில் கடன் கோரும் மனுக்களில் பல எருவுக்கும் விதைக்கும் உரியவை. அவ்வாறு கடன்பட்டு வாங்கும் எரு பயிருக்குச் சேர்வது, பூமிக்குள் மறைந்திருக்கும் வேரின் நிலையைப் பொறுத்தது. ஆதலின் வேரைப்பற்றிச் சில விஷயங்களை இன்று கூற விரும்புகிறேன்.

துவரை, பருத்தி, மிளகாய் முதலியவற்றிற்கு நேரே கீழிறங்கும் ஆணிவேர் உண்டு. நெல், சோளம், கரும்பு முதலியவை சல்லிவேர்களை உடையவை. இருவகை வேரும் நுனியிலேயே நீளுகின்றன. தையற்காரர் விரலில் மாட்டும் கூடு போன்ற ஓர் உறை அந்நுனியை மூடி, வளரும் பாகம் மண்ணில் உராய்ந்து தேயாமல் காக்கின்றது. நுனிக்குச் சற்று மேலே பஞ்சிழை போன்ற வேர்த்தூவிகள் நெருங்கி முளைக்கின்றன. ஜலத்தையும் அதில் கரைந்த உப்புக்களையும் பெரும்பாலும் உறிஞ்சுபவை இவ்விளம் பாகங்களே. முதிர்ந்த வேர் பயிரை நிலைநிறுத்தவும், உறிஞ்சியதை மேலே அனுப்பவும் உதவுகின்றது.

டிட்மர் என்னும் அமெரிக்கர், நான்கு மாதம் வளர்ந்த ஒரே ரை தானியச் செடியின் வேர்களை அளந்து 1937-ல் வெளியிட்டார். தூவிகள் நீங்கலாகவே அவற்றின் மொத்த நீளம் 380 மைலுக்கு மேற்பட்டது!

ஆகையால் எருவைத் தண்டின் அடியில் குவிப்பது வீண். இளவேர் பரவிய இடத்திலேயே அதை இடவேண்டும். ஓரிடத்தில் மிகுதியாகக் கரைந்த உப்பு, வேரிலுள்ள ஜலத்தையே வெளியே இழுத்துப் பயிரைக் கருக்கிவிடும்.

வேரும் சுவாசிக்கின்றது. நெற்பயிருக்குத் தண்டிலிருந்து வேர்வரை காற்றுச் செல்லும் அறைகள் இருப்பதால் அது தேங்கிய நீரிலும் வாழ்கின்றது. மிளகாய்க்கும் துவரைக்கும் அவ்வசதி போதாது. நீர் சில தினங்கள் தேங்கினால் வேர் மூச்சடைத்து அழுகும். நீரில் நின்றபடியே இலை வாடும். அவ்வாட்டத்தை வறட்சியென்று எண்ணி மேலும் நீர் பாய்ச்சுவோரும் உளர்.

மேல்வயலின் உபரி நீர் கீழ்க்கொல்லையில் தேங்குமாயின் நஷ்டம் ஒருவரோடு நிற்பதில்லை. கொல்லை அழிந்தவர் தவணை கட்ட இயலாது. அப்பாரம் ஜாமீன் நின்றவர்மேல் விழும். வடிகால் வெட்டுவது ஒருவரால் ஆகும் காரியமன்று. இரு வயற்காரரும் கூடி உழைத்தால் ஒரு கோடையிலேயே முடியும்.

பயறு, சணப்பை, தக்கைப்பூண்டு ஆகியவற்றின் வேரில் சிறு முடிச்சுகளைக் காணலாம். அவற்றுள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தருகின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் தங்கள் சோதனைகளை 1888-ல் வெளியிட்டு இதனை விளக்கினர். முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாயிருப்பது வேலை நடப்பதற்கு அடையாளம். இப்பயிரைப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் எருச்செலவு குறையும். இதற்கான விதையை அங்கத்தினர் ஒன்றுசேர்ந்து மொத்தமாகத் தருவித்தல் நலம்.

அங்கத்தினர்களே! அடுத்த எருக்கடனுக்கு மனுச் செய்யுமுன், தோட்டப்பயிரில் ஒன்றை மண்ணோடு தோண்டி வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் வெண்மையாய்ப் பரந்திருந்தால் எரு பலிக்கும். கறுத்து நாறினால் முதலில் வேண்டுவது எருவன்று, வடிகாலே. அதற்குக் கடன் வேண்டுவதில்லை. அண்டைவயற்காரரின் ஒத்துழைப்பே போதும்.