தலையிடிக்கு முன் வரும் அலை



ஒற்றைத் தலையிடி என்று படுத்தால், "சாட்டுச் சொல்லாதே" என்ற பேச்சை எம்மில் பலர் கேட்டிருக்கிறோம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதனால் எமது கூட்டத்தில் இதைப் பேசாமல் வேறெங்கே பேசுவது?

தலையிடி தொடங்குமுன் சிலருக்குக் கண்முன் மின்னற்கோடு ஒன்று தோன்றும். கோட்டை மதில்போலப் பல்லுப் பல்லாக இருக்கும். இருபது முப்பது நிமிடத்தில் மெல்ல விரிந்து, பின்னால் பார்வையில் ஒரு வெறுமையை விட்டுப் போகும். கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் தமக்கு வந்த இக்காட்சியை நேரம் குறித்து வரைந்தார். மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வேகத்தில் ஊர்கிறது என்று 1941இல் கணித்தார். 1944இல் பிரேசில் நாட்டவரான அரிஸ்டைட்ஸ் லியாவோ, வலிப்பு நோயை ஆராயப் போன இடத்தில், முயலின் மூளையில் ஏறத்தாழ அதே வேகத்தில் நகரும் அலையொன்றைக் கண்டார். நரம்புக் கலங்கள் ஒருமித்துக் கிளர்ந்து, பின் சில நிமிடங்கள் ஓய்ந்துவிடுகின்றன. மின்னும் விளிம்பும் அதன் பின்னால் வரும் வெறுமையும் அதுதான்.

எல்லோருக்கும் ஏன் வருவதில்லை? சிலரின் கலங்கள் எளிதில் கிளர்பவை. உடலின் ஒரு பக்கம் தற்காலிகமாகச் செயலிழக்கும் அரிய பரம்பரைத் தலையிடி ஒன்று உண்டு. அதுள்ள குடும்பங்களில், கலத்துக்குள் கல்சியத்தை விடும் வாயிலுக்கான பரம்பரையலகு மாறியிருப்பது 1996இல் தெரியவந்தது. சாதாரண ஒற்றைத் தலையிடி இப்படி ஒரே பரம்பரையலகால் வருவதன்று. ஆனால் வலியில்லாத நாட்களிலும் அந்த மூளை எளிதில் பழகிப் போவதில்லை. ஒரே ஒளிக்கோலத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பிறர் மூளையின் துலங்கல் குறையும். இவர்களுடையது பல ஆய்வுகளில் குறையவில்லை. மத்தியான வெயிலும் ஒலிபெருக்கியும் ஏன் இப்படி வருத்துகின்றன என்பது இதனால் ஓரளவு விளங்கும். மாதவிடாயை ஒட்டி ஈஸ்திரஜன் இறங்கும் நாட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே தேவையில்லை.

வலிப்புக்குக் கொடுக்கும் டொப்பிராமேற்று இதற்கும் தடுப்பு மருந்தாவதில் வியப்பில்லை. கர்ப்பிணிகளுக்கு மட்டும் அது ஆகாது. மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் பனடோல் போட்டுக்கொண்டே இருந்தால், அந்த மருந்தே தலையிடியைத் தரும். மின்னற்கோடு காண்பவர்கள் ஈஸ்திரஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுக்குமுன் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பக்கவாத ஆபத்துக் கூடும். எங்கள் பெண்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைப்போம். முன் ஒருபோதும் வராத, திடீரென இடி விழுந்தாற்போல் வரும் தலையிடி வேறு. அதற்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.