“குடிகாரர் மகன்” என்று கூப்பிட்டார்கள்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



குடியைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். உபதேசம் செய்ய நான் வரவில்லை. என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

1967ஆம் ஆண்டில் எனக்கு வயது 15. என் தகப்பனார் நல்ல வெட்டுக்காரர். மரத்தில் காயம் படாமல் பட்டை சீவுவார். ஆனால், சம்பள நாளன்று கள்ளுக்கடையைத் தாண்டி லயத்துக்கு வர அவரால் முடியாது. கள் தீர்ந்தால் சம்சு. மளிகைக்கடைக் கணக்கோ ஏறிக்கொண்டே போகும். இருட்டோடு பிரட்டுக்கு அவர் எழ முடியாத நாட்களில் அம்மா தனியாகவே காட்டுக்குப் போவார். லயத்துப் பிள்ளைகள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “குடிகாரர் மகன்” என்றே கூப்பிட்டார்கள்.

அவ்வாண்டு எனக்குப் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமைகளில் புல் வெட்டிச் சேர்த்த கட்டணக் காசை மைலோ டின்னில் வைத்திருந்தேன். ஒரு நாள் மாலை டின் காலி! தகப்பனார் அஞ்சடியில் கிடந்தார்.

மறுநாள் புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, “நானும் வெட்டுக்கு வர்றேன்” என்றேன். அம்மா அழவில்லை. “ஐயா, உங்கப்பா குடிச்சது டின்னுல இருந்த காசைத்தான். நீ படிப்பை நிறுத்தினா, மிச்சத்தையும் நீயே குடிச்ச மாதிரி” என்றார்.

அன்று மாலை பக்கத்து வீட்டு அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு தந்தார். எதிர்வீட்டு மாமா தம் வீட்டு விளக்கடியில் படிக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் சத்தம் கேட்கும் இரவுகளில் அங்கேயே படுத்துக்கொள்வேன். தேறினேன். பிறகு கிராணி வேலையும் கிடைத்தது.

தகப்பனார் உடனே திருந்திவிட்டாரா? இல்லை. சில ஆண்டுகள் கழித்து, தாமாகவே ஒரே நாளில் நிறுத்தினார். கைகால் நடுங்கி வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் மீட்டோம். குடி முற்றினால் அது நோய் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர், மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

தோழர்களே! 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடையை எதிர்த்துக் கிளம்பினர். கூலியை எது விழுங்குகிறது என்பதை நம் முன்னோர் அன்றே கண்டுகொண்டார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடை போயிற்று, பாட்டில் போகவில்லை.

ஆகவே, குடிப்பவரைக் கேலி பேசாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அந்த வீட்டுப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பிள்ளைகளே, தகப்பன் குடிப்பது உங்கள் குற்றமன்று. வீட்டில் அடி விழுந்தால் மறைக்காமல் ஆசிரியரிடமோ பக்கத்து வீட்டிலோ சொல்லுங்கள்.

முதல் சம்பளத்தில் அத்தையின் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “எனக்கு வேண்டாம், அடுத்த பிள்ளைக்குக் குடு” என்றார். அன்றிலிருந்து அப்படியே செய்துவருகிறேன். இந்தத் தோட்டத்தில் அந்த அடுத்த பிள்ளை யார்? கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.