கதையில்லாத புத்தகங்கள்

கதையில்லாத புத்தகம் என்றாலே சிலருக்குக் கொட்டாவி வரும். எனக்கோ தமிழறிஞர் உ.வே.சா.வின் தன்வரலாறான 'என் சரித்திரம்' தூக்கத்தைக் கெடுத்தது. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எல்லாம் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. 'சீவக சிந்தாமணி' காப்பியம் படித்ததுண்டா என்கிறார். இவர் அந்த ஏட்டைப் பார்த்ததுகூட இல்லை! அந்தக் கேள்வியில் விளைந்ததுதான் 1887-இல் உ.வே.சா. வெளியிட்ட சிந்தாமணிப் பதிப்பு. எந்த நாவலில் இப்படியொரு திருப்பம் உண்டு?

வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு வேறு ருசி. 1736 முதல் புதுச்சேரியில் எழுதியது. கப்பல் வரவு, துணி வியாபாரம், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் தர்பார், ஊர் வம்பு எல்லாம் உண்டு. வம்புதான், உள்ளதைச் சொன்னால், எனக்கு அதிகம் பிடித்தது.

நூலகத்துக்குப் போனால் இரண்டையும் கேளுங்கள். முதலில் உ.வே.சா.வை எடுங்கள்.