கோட்டையும் வடகரையும்



சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் குடிகொண்டுள்ள புனித ஜார்ஜ் கோட்டையைப் பற்றி ஆராயும் இம்மாநாட்டை அதன் மதிலுக்குள் கூட்டாமல், துறைமுகத்துக்கு இப்பாலுள்ள இராயபுரத்தில் கூட்டியிருப்பதே பொருத்தம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில், அக்கட்டடத்தின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த வடகரையில்தான் நிகழ்ந்தது.

1639ஆம் ஆண்டில் இப்பகுதியை ஆண்ட நாயக்கரின் சாசனம் பெற்று எழுந்த அக்கோட்டைக்குத் துணி வாணிபமே ஜீவாதாரமாக இருந்தது. துணி வெளுத்த வண்ணாரப்பேட்டையும், பின்னர் கவர்னர் காலட் திருவொற்றியூரில் நெசவாளர்களைக் குடியேற்றிய காலடிப்பேட்டையும் இல்லையேல், அங்கே கிடங்குகளுக்கு வேலை ஏது?

கோட்டையின் நடுவே நிற்கும் மாளிகையின் கருவாகிய கவர்னர் இல்லம் 1690களில் கட்டப்பட்டது. பின்வந்தோர் தத்தம் தேவைக்கேற்ப அதை விரித்துக்கொண்டே போயினர். அதன் சிற்ப விசேஷங்களுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தவை அங்குள்ள கருங்கல் தூண்களே. பல்லாவரத்துக் குன்றில் வெட்டி, வழவழப்பாக இழைத்து, 1730களில் கடல் வாயிலிலிருந்து மாளிகை வரை நிழல்நடையாக நிறுத்தப்பட்ட அத்தூண்களை, 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுபோயினர். 1761இல் அந்நகரம் வீழ்ந்தபின் அவை சென்னைக்கு மீண்டன. 1910இல் சட்டசபைக் கூடம் அமைந்தபோது அவற்றுட் பல அக்கட்டடத்தில் இடம்பெற்றன. அந்நிய வணிகர் தம் கௌரவத்துக்காக நிறுத்திய அத்தூண்களுக்குப் பின்னே, 1967 ஜூலை 18ஆம் நாள், இம்மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்னும் பெயர் சூட்டும் தீர்மானத்தை மக்கள் பிரதிநிதிகள் நிறைவேற்றினர் என்பதை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் நிமிர்கிறது.

ஆனால் கோட்டை தன்னைப் பலப்படுத்திக்கொண்ட ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் அதற்கு விலை கொடுத்தது வடபுறமே. பகைவர் பதுங்க இடமாகும் என்று அஞ்சி, மதிலையொட்டியிருந்த பழைய கறுப்பர் பட்டணத்தை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்க, குடிமக்கள் முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் பெயர்ந்தனர். வீடிழந்த அந்நிலத்தில் இன்று உயர்நீதிமன்றம் நிற்கிறது. இதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் கட்டக்கூடாதென்று 1773இல் நட்ட எல்லைத் தூண்களில் எஞ்சிய ஒன்றைப் பாரிமுனையில் காணலாம்.

கடலின் கதை இதனினும் கொடிது. ஒரு காலத்தில் கோட்டையின் கீழ்மதிலில் அலை மோதியது. 1870களில் தொடங்கி, 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் எழுப்பப்பட்ட துறைமுகத்தின் கற்சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலை வழிமறித்தன. அதனால் தென்புறம் மணல் சேர்ந்து மெரினா அகன்றது, கோட்டையை விட்டுக் கடல் விலகியது. வரவேண்டிய மணல் வராமையால் இராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. இன்று இக்கரை நெடுகக் கருங்கல் குவித்திருப்பது அதன் விளைவே. சட்டம் இயற்றும் மாளிகையின் வாயிலில் நிலம் வளர, மீனவரின் வாயிலில் நிலம் கரைந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே, கட்டுரை படிக்க வந்துள்ள அறிஞர்களை நான் வேண்டிக்கொள்வது இது: கோட்டையின் பழைய வரைபடங்களை ஆராயும்போது, இக்கரையின் பழைய வரைபடங்களையும் பக்கத்தில் விரித்து வையுங்கள், கடல் கொண்ட தெருக்களின் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அப்பெயர்களையும் இம்மாநாட்டு மலரில் அச்சேற்றுங்கள். இவ்வேண்டுகோளுடன் முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.