‘அட்டாச்’ என்ற சொல்லும் ஓர் ஈயச்சொம்பும்
(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் என் பேத்தியிடமிருந்து ஈமெயில் வந்தது. “தாத்தா, ஒரு போட்டோ அட்டாச் பண்ணியிருக்கேன், பாரு” என்று எழுதியிருந்தாள். தேடினேன், ஒன்றும் இல்லை. இணைக்க மறந்துவிட்டாள். நாம் எல்லோரும் செய்வதுதான். அன்றிலிருந்து அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது.

இதன் பூர்வீகம் பழைய பிரெஞ்சு மொழி. ‘எஸ்தாஷ்’ என்றால் தரையில் அடித்த முளை. ஆங்கிலத்தில் ‘ஸ்டேக்’ என்கிறோமே, அதற்கு இது தாயாதி முறை. ஆக, முளையில் கட்டுவதுதான் ‘அட்டாச்’. 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தபோது அது சட்டச் சொல். ஆளைப் பிடிப்பது, சொத்தை ஜப்தி செய்வது என்றே பொருள். பிரியத்தால் கட்டுண்டிருப்பது என்ற அர்த்தம் 18-ஆம் நூற்றாண்டில்தான் சேர்ந்தது. ‘அட்டாக்’ என்ற சொல்லும் இத்தாலி வழியாக வந்த இதன் உடன்பிறப்பே.

உபயோகத்தில் இரண்டு விஷயம். ‘மேட்ச்’, ‘கேட்ச்’ என்பதைப் போல ‘சி’ எழுத்துக்கு முன் இன்னொரு ‘டி’ போடக் கூடாது. உறைக்குள் வைப்பது ‘என்க்ளோஸ்’. கடிதத்தோடு சேர்த்துக் குத்துவது ‘அட்டாச்’.

நான் இந்தச் சொல்லைக் கற்றது கோர்ட்டில். குமாஸ்தாவாக இருந்த 30 வருஷங்களில் எத்தனையோ அட்டாச்மெண்ட் வாரண்டுகளை எழுதியிருக்கிறேன். 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, எவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. அவசியமான உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள், மத வழக்கப்படி ஒரு ஸ்திரீ கழற்றக் கூடாத ஆபரணம். கடன் எவ்வளவு இருந்தாலும் அமீனா திருமாங்கல்யத்தைத் தொட முடியாது.

என் மனைவி காலமானபோது துக்கம் கேட்க வந்தவர்கள், “அட்டாச்மெண்டை விடுங்கோ, கீதையே சொல்கிறது” என்றார்கள். எனக்கு அது உறுத்தியது. 40 வருஷ தாம்பத்தியத்தை அப்படி விட்டுவிட முடியுமா? மறுபடி கீதையைப் புரட்டினேன். இரண்டாம் அத்தியாயம் 62-ஆவது ஸ்லோகத்தில் வரும் ‘சங்கம்’ என்ற சொல்லைத்தான் ஆங்கிலத்தில் ‘அட்டாச்மெண்ட்’ என்று பெயர்க்கிறார்கள். விஷயங்களையே நினைத்து நினைத்து அவற்றில் ஒட்டிக்கொள்வது அது. அதிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம். அன்பு என்று அங்கே சொல்லவில்லை. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பக்தனுக்கு லட்சணம் சொல்லும்போது மைத்ரியும் கருணையும் தொடக்கத்திலேயே வருகின்றன.

நம் தமிழும் இதை அறிந்திருக்கிறது. பாசம் என்றால் கயிறு. பற்று என்றால் கணக்குப் புத்தகத்தில் நம் பெயரில் ஏறும் தொகை. ஆங்கிலச் சொல்லில் முளை இருக்கிறது, நம் சொல்லில் கயிறு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது: என்னிடம் இருந்தது அன்பு மட்டுமில்லை, “இது என்னுடையது” என்று நானே எழுதிக்கொண்ட ஜப்தி வாரண்டும் இருந்தது.

எப்படி என்றால், அவள் ரசம் வைத்த ஈயச்சொம்பை நான் யாரையும் தொட விடவில்லை. பெண் கேட்டாள், கொடுக்கவில்லை. மூன்று வருஷம் அலமாரியிலேயே இருந்தது. சமையல் பாத்திரத்தை ஜப்தி செய்யக் கூடாது என்று சட்டமே சொல்லும்போது, நான் செய்து வைத்திருந்தேன்! பேத்திக்கு பெங்களூரில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது, அவள் கையில் கொடுத்தேன். “காலிச் சொம்பை அடுப்பில் வைக்காதே, உருகிவிடும்” என்று பாட்டி சொல்வதையும் சொல்லி அனுப்பினேன்.

அன்று இணைக்க மறந்த போட்டோ மறுநாள் வந்தது. ஈயச்சொம்பில் ரசம், மேலே நுரை கட்டியிருந்தது. கயிறு அறுந்துவிடவில்லை, முளையைத்தான் பிடுங்கினேன்.